வெப் சர்வீஸ் செய்தியில் நேம்ஸ்பேஸ் முன்னொட்டு: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்னச் சின்னக் குழுக்கள் கோவையில் நிறைய உண்டு. சரவணம்பட்டி, பீளமேடு, அவிநாசி ரோடு நெடுக இருக்கின்றன. படிப்பு முடித்து அங்கே சேரும் பிள்ளைகளுக்கு சீக்கிரமே வந்து சேரும் வேலைகளில் ஒன்று, வெளிநாட்டு பையரின் (சரக்கு வாங்கும் கம்பெனியின்) சர்வருக்கு ஷிப்மெண்ட் விவரத்தை சோப் செய்தியாக, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் பேச எக்ஸ்எம்எல்லில் எழுதும் செய்தியாக, அனுப்புவது. கோட் எழுதி, டெஸ்ட் பண்ணி, எல்லாம் சரி என்று நினைக்கிற நேரத்தில் கம்பெனியிலிருந்து ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கூப்பிடுவார். "ஏனுங்க தம்பி, நாம அனுப்பிச்சதை அவங்க சர்வர் எடுத்துக்க மாட்டேங்குதுங்களாம். அவங்க சாம்பிள்ல சோப்இஎன்வினு இருக்குது, நம்மளுதுல வெறும் எஸ்னு இருக்குதாமா. அதை மட்டும் மாத்திக் குடுத்துருங்க."

அதை மட்டும் மாற்றுவது என்றால் எங்கே மாற்றுவது? அந்த எஸ் என்ற எழுத்தை நீங்கள் எங்கேயும் டைப் செய்யவே இல்லை. உங்கள் கோட் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. லைப்ரரி, அதாவது நாம் சேர்த்துக்கொண்ட ஆயத்த கோட் தொகுப்பு, டேக் பெயருக்கு முன்னால் தானாகப் போட்ட முன்னொட்டு அது. தானாகப் போடுவதை எங்கே பிடித்து நம் சொல்படி வைப்பது, அதற்கு முன் அதுதான் கோளாறா என்று எப்படி உறுதி செய்வது, எந்த இடத்தில் கை வைக்கவே கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம். எக்ஸ்எம்எல் டேக் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், விதி அதற்கு இடம் தருகிறது. அதனால் கீழே வரும் உதாரணங்களில் டேக்குகள் தமிழில் இருக்கின்றன. எக்ஸ்எம்எல்என்எஸ் போன்ற கட்டளைச் சொற்களையும் முகவரிகளையும் லைப்ரரிகளில் வரும் பெயர்களையும் ஒலிப்பு எப்படியோ அப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

நேம்ஸ்பேஸ் எதற்கு வந்தது

ஷிப்மெண்ட் செய்தியில் எடை இரண்டு இடத்தில் வரும். துணியின் எடை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். பெட்டியின் எடை கிலோ.

<ஷிப்மெண்ட்>
  <எடை>180</எடை>
  <எடை>14.5</எடை>
</ஷிப்மெண்ட்>

இதைப் படிக்கும் புரோகிராமுக்கு எது ஜிஎஸ்எம், எது கிலோ என்று தெரியாது. துணி விவரத்தின் வடிவத்தை ஒரு குழு தீர்மானித்திருக்கும், பேக்கிங் லிஸ்ட்டின் வடிவத்தை வேறொரு குழு. இரண்டு பேரும் எடை என்றே பெயர் வைத்திருப்பார்கள், அதில் தப்பில்லை. இரண்டையும் ஒரே செய்தியில் சேர்க்கும்போது மோதாமல் இருக்க ஒவ்வொரு குழுவின் சொற்களுக்கும் ஒரு தனி முகவரி கொடுப்பதுதான் நேம்ஸ்பேஸ். எக்ஸ்எம்எல் 1.0, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்தது 1998 பிப்ரவரியில். நேம்ஸ்பேஸ் விதி 1999 ஜனவரியில் தனியாக வந்து சேர்ந்தது.

<ஷிப்மெண்ட்
    எக்ஸ்எம்எல்என்எஸ்:து="யுஆர்என்:எக்ஸாம்பிள்:துணி"
    எக்ஸ்எம்எல்என்எஸ்:பெ="யுஆர்என்:எக்ஸாம்பிள்:பெட்டி">
  <து:எடை>180</து:எடை>
  <பெ:எடை>14.5</பெ:எடை>
</ஷிப்மெண்ட்>

இதில் 'து', 'பெ' இரண்டும் முன்னொட்டுகள். நீளமான முகவரியை ஒவ்வொரு டேக்கிலும் எழுதாமல் இருக்க வைத்துக்கொண்ட சுருக்கம், அவ்வளவுதான். ஒரு மில்லில் நாலு பழனிசாமி இருந்தால் ஒருவரைக் காங்கேயத்தார் என்பார்கள், ஒருவரைப் பல்லடத்தார் என்பார்கள். கூப்பிடும் பெயர் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறினாலும் சம்பளப் பதிவேட்டில் உள்ள எண் மாறாது. முன்னொட்டு கூப்பிடும் பெயர், நேம்ஸ்பேஸ் முகவரி அந்த எண்.

ஆக, எக்ஸ்எம்எல்லைப் பிரித்துப் படிக்கும் பார்சர் பார்ப்பது இரண்டை மட்டும்தான்: முகவரி, அதற்குள் இருக்கும் பெயர். கீழே உள்ள மூன்றும் விதிப்படி ஒன்றே.

<து:எடை எக்ஸ்எம்எல்என்எஸ்:து="யுஆர்என்:எக்ஸாம்பிள்:துணி">180</து:எடை>

<என்எஸ்2:எடை எக்ஸ்எம்எல்என்எஸ்:என்எஸ்2="யுஆர்என்:எக்ஸாம்பிள்:துணி">180</என்எஸ்2:எடை>

<எடை எக்ஸ்எம்எல்என்எஸ்="யுஆர்என்:எக்ஸாம்பிள்:துணி">180</எடை>

மூன்றாவதில் முன்னொட்டே இல்லை. அதற்கு டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் என்று பெயர்: அந்த டேக்குக்கும் அதற்குள் முன்னொட்டு இல்லாமல் வரும் எல்லா டேக்குகளுக்கும் அந்த முகவரியே பொருந்தும். ஆனால் டேக்குக்குள் பெயர்="மதிப்பு" என்று எழுதும் அட்ரிபியூட்டுகளுக்குப் பொருந்தாது. முன்னொட்டு இல்லாத அட்ரிபியூட் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஜாவா பகுதியில் தேவைப்படும்.

இன்னும் சில சின்ன விதிகள். எக்ஸ்எம்எல் என்று தொடங்கும் முன்னொட்டுகளை நாம் வைக்கக் கூடாது, அவை ஒதுக்கப்பட்டவை. முன்னொட்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு வேறு. முகவரி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் அது வேறு நேம்ஸ்பேஸ். அந்த முகவரியைப் பிரவுசரில் திறந்தால் ஏதாவது வர வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

முதல் படி: உண்மையில் முன்னொட்டுதான் கோளாறா?

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இதுதான். முன்னொட்டுக் கோளாறு என்று வருகிற புகார்களில் நிறைய வேறு கோளாறுகள்தான். காரணம் எளிது. தங்களுடைய மாதிரிச் செய்தியையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மனிதருக்குக் கண்ணில் முதலில் படுவது முன்னொட்டு. நடுவில் இருக்கும் முகவரியில் ஒரு சாய்கோடு குறைந்திருப்பது கண்ணில் படாது.

அதனால் முதலில், நெட்வொர்க்கில் நிஜமாகப் போன செய்தியைக் கையில் எடுங்கள். டீபக்கரில் தெரியும் ஆப்ஜெக்ட் வேண்டாம். சர்வருக்குப் போன அதே எழுத்துகள் வேண்டும். லைப்ரரியில் லாக்கிங்கைத் திறந்து விட்டால் கிடைக்கும். அதை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பையர் தரப்பில் வெற்றிகரமாக ஏற்றுக்கொண்ட ஒரு முழுச் செய்தியையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ஆவணத்தில் ஒட்டியிருக்கும் மாதிரியை நம்ப வேண்டாம், அது எந்தக் காலத்திலோ எழுதியதாக இருக்கும்.

அடுத்து சோப்யுஐ போன்ற ஒரு கருவியில் நம் செய்தியை அப்படியே ஒட்டி, முன்னொட்டை மட்டும் கையால் மாற்றி அனுப்பிப் பாருங்கள். வேறு ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். அது ஏற்கப்பட்டு, பழையது மறுக்கப்பட்டால் முன்னொட்டுதான் கோளாறு. இரண்டும் மறுக்கப்பட்டால் வேறு எங்கோ இருக்கிறது. அதே கருவியில் பழைய செய்தியே ஏற்கப்பட்டு விட்டால் சிக்கல் செய்தியில் இல்லை, பெரும்பாலும் அதோடு போகும் எச்டிடிபி ஹெட்டரில்.

வேறு எங்கோ என்றால் எங்கே? வழக்கமாக இருக்கும் இடங்கள் இவை.

சோப் பதிப்பு மாறியிருக்கும். சோப் 1.1, 2000-ஆம் ஆண்டில் வந்தது, 1.2, 2003-இல் பரிந்துரையானது. இரண்டுக்கும் செய்தியின் வெளி உறையான என்வலப்பின் நேம்ஸ்பேஸ் முகவரி வேறு. முன்னொட்டு ஒன்றாகவே இருந்தாலும் முகவரி வேறாக இருந்தால் சர்வர் மறுக்கும், மறுக்கவும் வேண்டும். எச்டிடிபி ஹெட்டரும் மாறும்: 1.1-இல் கன்டென்ட்-டைப் என்பது டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், கூடவே சோப்ஆக்‌ஷன் என்ற தனி ஹெட்டர். 1.2-இல் அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்.

உள் டேக்குகளுக்கு நேம்ஸ்பேஸ் வேண்டுமா வேண்டாமா என்பதிலும் குழப்பம் வரும். செய்தியின் வடிவத்தை வரையறுக்கும் ஸ்கீமா கோப்பின் தலையில் எலிமெண்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்று ஒரு அட்ரிபியூட் இருக்கும். அது குவாலிஃபைடு என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு டேக்கும் நேம்ஸ்பேஸில் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் அன்குவாலிஃபைடு என்று அர்த்தம்: வெளி டேக்குக்கு மட்டும் நேம்ஸ்பேஸ், ஸ்கீமாவில் அதற்குள்ளேயே அறிவிக்கப்பட்ட டேக்குகளுக்குக் கிடையாது. இங்கே பிசகினால் வெளியே பார்க்க முன்னொட்டு விட்டுப் போன மாதிரி தெரியும். உண்மையில் அர்த்தமே மாறியிருக்கும்.

இவை எதுவும் இல்லை, முன்னொட்டை மாற்றினால் மட்டும் போகிறது என்றால், எதிர்முனையில் செய்தியைப் பார்சர் வைத்துப் படிக்காமல் எழுத்துத் தேடல் வைத்துப் படிக்கிறார்கள் என்று பொருள். சோப்இஎன்வி:பாடி என்ற எழுத்துக் கோவையைத் தேடி அதற்குப் பின்னால் வெட்டி எடுக்கும் பழைய புரோகிராம்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அது அவர்கள் தப்பு. பணிவாகச் சொல்லிப் பாருங்கள். ஆனால் சரக்கு தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் அவர்கள் புரோகிராமைத் திருத்துவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நாம்தான் மாற்றிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: எதை மாற்ற வேண்டும் என்று எழுதி வையுங்கள்

ஒரு சோப் செய்தியில் முன்னொட்டுகளை இரண்டு பேர் போடுகிறார்கள். என்வலப், ஹெட்டர், பாடி ஆகிய வெளிக்கூட்டுக்கு சோப் லைப்ரரி போடுகிறது. உள்ளே இருக்கும் நம் சரக்குக்கு, அதாவது ஷிப்மெண்ட் விவரத்துக்கு, ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் லைப்ரரி போடுகிறது. இரண்டையும் திருத்தும் இடங்கள் வேறு. புதியவர்கள் நேரத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்: உள் சரக்குக்கான அமைப்பை மாற்றிவிட்டு, என்வலப் ஏன் மாறவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

வெளிக்கூட்டின் முன்னொட்டைப் பார்த்தே அனுப்பியது யார் என்று ஓரளவு ஊகிக்கலாம். பெரிய எழுத்து எஸ் என்றால் ஜாவாவின் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் மூல லைப்ரரி. சிறிய எழுத்து எஸ் என்றால் டாட்நெட்டின் டபிள்யூசிஎஃப். சோப்-இஎன்வி என்று நடுவில் கோடு போட்டிருந்தால் ஜாவாவின் சாஜ் அல்லது பிஎச்பி. சோப்இஎன்வி என்று சேர்ந்திருந்தால் ஆக்ஸிஸ்2 அல்லது சோப்யுஐ. வெறும் சோப் என்றால் அப்பாச்சி சிஎக்ஸ்எஃப், அல்லது பழைய ஏஎஸ்எம்எக்ஸ். உள்ளே என்எஸ்2, என்எஸ்3 என்று வந்தால் அது ஜாவாவில் ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஜாக்ஸ்பியின் கை.

ஜாவாவில்

முதலில் உள் சரக்கு. ஜாக்ஸ்பி கிளாஸ்கள் இருக்கும் பேக்கேஜிலேயே பேக்கேஜ்-இன்ஃபோ என்ற கோப்பு இருக்கும், இல்லையென்றால் உருவாக்குங்கள். அதில் எக்ஸ்எம்எல்ஸ்கீமா என்ற அனோடேஷனுக்குள் எக்ஸ்எம்எல்என்எஸ் என்ற பட்டியல் வைக்கலாம். பட்டியலின் ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு முன்னொட்டு, ஒரு முகவரி. துணி முகவரிக்கு 'து', பெட்டி முகவரிக்கு 'பெ' என்று எழுதிவிட்டால் இன்றைய ஜாக்ஸ்பி பதிப்புகள் பெரும்பாலும் அதை மதித்து அப்படியே போடும். எக்லிப்ஸ்லிங்க் மாக்ஸியும் மதிக்கும். நான் முதலில் கை வைப்பது எப்போதும் இங்கேதான். கோடில் எதுவும் மாறாது, படிப்பவருக்கும் புரியும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஸ்கீமாவிலிருந்து கிளாஸ்களை உருவாக்கும் எக்ஸ்ஜேசி, இந்தப் பேக்கேஜ்-இன்ஃபோ கோப்பையும் சேர்த்தே உருவாக்குகிறது. நீங்கள் கையால் திருத்தியது அடுத்த பில்டில் அழிந்து போகும். மூன்று மாதம் கழித்து ஸ்கீமா மாறும்போது முன்னொட்டு பழையபடி என்எஸ்2 ஆகிவிடும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. கைகோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, எக்ஸ்ஜேசியை அந்தக் கோப்பை உருவாக்காமல் ஓட்டுங்கள், அதற்கு என்பிஏ என்ற சுவிட்ச் இருக்கிறது. ஒன்று கவனம்: அந்த சுவிட்சைப் போட்டால் நேம்ஸ்பேஸ் விவரத்தை ஒவ்வொரு கிளாஸிலும் எழுதிவிடும், கிளாஸ் கோப்புகள் கொஞ்சம் நீளும். அதில் பிரச்சினை ஏதுமில்லை.

பேக்கேஜ்-இன்ஃபோ போதவில்லை என்றால் அடுத்தது நேம்ஸ்பேஸ்பிரீஃபிக்ஸ்மேப்பர். இந்த கிளாஸை விரித்து, கெட்ப்ரிஃபர்டுப்ரிஃபிக்ஸ் என்ற மெத்தடில் முகவரியைப் பார்த்து வேண்டிய முன்னொட்டைத் திருப்பித் தர வேண்டும். பிறகு அதை, எக்ஸ்எம்எல்லை எழுதும் மார்ஷலரில் ஒரு ப்ராப்பர்ட்டியாக ஏற்ற வேண்டும். அந்த ப்ராப்பர்ட்டியின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. ஜாவா 10 வரை ஜேடிகேவுக்கு உள்ளேயே இருந்த ஜாக்ஸ்பிக்கு காம்.சன்.எக்ஸ்எம்எல்.இன்டர்னல் என்று தொடங்கும் பெயர். தனி ஜார் கோப்பாகச் சேர்த்த 2-ஆம் பதிப்புக்கு நடுவில் இன்டர்னல் இல்லை. ஜகார்த்தாவுக்கு மாறிய பின் வந்த 4-ஆம் பதிப்பில் ஓஆர்ஜி.கிளாஸ்ஃபிஷ்.ஜாக்ஸ்பி என்று தொடங்கும். தப்பான பெயரைக் கொடுத்தால் ப்ராப்பர்ட்டிஎக்ஸப்ஷன் விழும். 2018-இல் வந்த ஜாவா 11-இல் ஜாக்ஸ்பியே ஜேடிகேவிலிருந்து நீக்கப்பட்டு விட்டது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணத்தை ஒட்டும் முன் உங்கள் ப்ராஜெக்டில் எந்த ஜார் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த மெத்தடுக்கு மூன்றாவதாக ஒரு உண்மை/பொய் மதிப்பு வரும். முன்னொட்டு கட்டாயம் வேண்டுமா என்று அது சொல்கிறது. நேம்ஸ்பேஸில் இருக்கும் அட்ரிபியூட்டுக்கு முன்னொட்டு இல்லாமல் எழுதவே முடியாது என்பதால் அப்போது அது உண்மை என்று வரும். அந்த இடத்தில் வெற்று எழுத்தைத் திருப்பினால் லைப்ரரி தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். நீங்கள் தருவது விருப்பம்தான், கடைசி முடிவு லைப்ரரியுடையது.

சிஎக்ஸ்எஃப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம். ஜாக்ஸ்பி டேட்டாபைண்டிங்கில் நேம்ஸ்பேஸ்மேப் என்ற அமைப்பு இருக்கிறது. முகவரிக்கு எதிரே முன்னொட்டை எழுதிவிட்டால் போதும்.

இனி வெளிக்கூடு. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் ஒரு சோப்ஹேண்ட்லர் எழுதி, வெளியே போகும் செய்தியில் மட்டும் வேலை செய்யும்படி வைக்க வேண்டும். உள்ளே செய்ய வேண்டியவை வரிசையாக: என்வலப்பின் பழைய முன்னொட்டு அறிவிப்பை நீக்குங்கள், அதே முகவரிக்குப் புது முன்னொட்டை அறிவியுங்கள், என்வலப், ஹெட்டர், பாடி மூன்றிலும் செட்ப்ரிஃபிக்ஸ் கூப்பிடுங்கள், கடைசியில் சேவ்சேஞ்சஸ். ஹெட்டர் இல்லாத செய்தியும் வரும், அங்கே ஹெட்டர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இல்லையென்றால் புரோகிராம் விழுந்துவிடும்.

நீங்கள் சர்வர் பக்கம் எழுதுகிறவர் என்றால் கோளாறைத் தெரிவிக்கும் ஃபால்ட் செய்தியைத் தனியாகக் கவனியுங்கள். சோப் 1.1-இல் ஃபால்ட்கோட் என்ற டேக்குக்குள் எஸ்:சர்வர் என்று ஒரு மதிப்பு வரும். அது வெறும் எழுத்து போலத் தெரியும், ஆனால் அந்த எஸ் ஒரு முன்னொட்டு. என்வலப்பில் எஸ் அறிவிப்பை நீக்கிவிட்டு இதை அப்படியே விட்டால், எதிர்முனைக்கு எஸ் என்பது யார் என்றே தெரியாது. ஃபால்ட் டேக்கின் முன்னொட்டோடு இந்த மதிப்பையும் மாற்ற வேண்டும்.

ஹேண்ட்லர் வந்ததும் செய்தி முழுவதும் நினைவகத்தில் மரமாக ஏற்றப்படும். பேக்கிங் லிஸ்ட் பெரிதாக இருந்தால் அதற்கு ஆகும் நேரமும் நினைவகமும் தெரியும். தேவையில்லாத சர்வீஸுக்கு அதை மாட்டாதீர்கள், கேட்ட பையருக்கு மட்டும் மாட்டுங்கள்.

டாட்நெட்டில்

எக்ஸ்எம்எல்சீரியலைசரை நேரடியாகக் கூப்பிடுகிறீர்கள் என்றால், எக்ஸ்எம்எல்சீரியலைசர்நேம்ஸ்பேசஸ் என்ற ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, ஆட் மெத்தடில் முன்னொட்டு, முகவரி கொடுத்து, சீரியலைஸ் மெத்தடின் கடைசி உருப்படியாகக் கொடுங்கள். முடிந்தது. சும்மா வந்து நிற்கும் எக்ஸ்எஸ்ஐ, எக்ஸ்எஸ்டி அறிவிப்புகளும் இதனால் போய்விடும். சீரியலைஸை நீங்கள் கூப்பிடாமல், சர்வீஸுக்காகத் தானாக உருவான ப்ராக்ஸி கிளாஸ் கூப்பிடுகிறது என்றால், கிளாஸிலேயே அதே வகையில் ஒரு ஃபீல்டு வைத்து அதற்கு எக்ஸ்எம்எல்நேம்ஸ்பேஸ்டிக்ளரேஷன்ஸ் என்ற அட்ரிபியூட் போட்டால் போதும்.

டபிள்யூசிஎஃப் வெளிக்கூட்டை மாற்றுவது கொஞ்சம் வேலை. மெசேஜ் கிளாஸை விரித்து, ஆன்ரைட்ஸ்டார்ட்என்வலப், ஆன்ரைட்ஸ்டார்ட்பாடி மெத்தடுகளில் நம் முன்னொட்டோடு டேக்கை எழுதி, ஒரு ஃபார்மேட்டர் வழியாக அதைச் செருக வேண்டும். ஹெட்டர் இருந்தால் அதற்கும் தனி மெத்தட் இருக்கிறது.

பைத்தானில்

எல்எக்ஸ்எம்எல் இதற்கு நல்ல கருவி. வேர் டேக்கை உருவாக்கும்போதே என்எஸ்மேப் என்ற டிக்‌ஷனரியில் முன்னொட்டையும் முகவரியையும் கொடுத்துவிடுங்கள். டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் வேண்டுமென்றால் முன்னொட்டு இருக்க வேண்டிய இடத்தில் நன், அதாவது எதுவும் இல்லை என்று சொல்லும் பைத்தான் மதிப்பு. டேக்கை உருவாக்கிய பிறகு என்எஸ்மேப்பை மாற்ற முடியாது. எனவே இதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். தேவையில்லாமல் சிதறிக் கிடக்கும் அறிவிப்புகளைக் கடைசியில் கிளீனப்நேம்ஸ்பேசஸ் வைத்து வேருக்கு ஏற்றிவிடலாம்.

பைத்தானோடு கூடவே வரும் எலிமெண்ட்ட்ரீயில் ரெஜிஸ்டர்நேம்ஸ்பேஸ் இருக்கிறது. அது புரோகிராம் முழுக்கப் பொருந்தும். ஒரு பையருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறு என்று வைக்க இது தோதுப்படாது. என்எஸ் என்ற எழுத்தோடு எண் சேர்ந்த முன்னொட்டுகளை அது ஏற்காது, தனக்கென வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு செய்தியை இதில் படித்துத் திரும்ப எழுதினால் பழைய முன்னொட்டுகள் போய் என்எஸ்0, என்எஸ்1 என்று வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜீப் என்ற சோப் கிளையண்டில் செட்என்எஸ்ப்ரிஃபிக்ஸ் என்று ஒரே வரி. பிஎச்பியில் சோப்கிளையண்டை விரித்து டூரிக்வெஸ்ட் மெத்தடில் செய்தியை எடுத்துத் திருத்துவதுதான் வழி. அங்கேயும் செய்தியை மரமாகப் பிரித்துத் தரும் டாம் வைத்துத் திருத்துங்கள்.

எழுத்தை எழுத்தால் மாற்றாதீர்கள்

மேலே சொன்னதெல்லாம் எதற்கு, அனுப்பும் முன் என்எஸ்2 என்று வரும் இடத்தையெல்லாம் ரீப்ளேஸ் போட்டால் இரண்டு வரியில் முடியுமே என்று தோன்றும். ஓடவும் செய்யும். சில மாதம் ஓடும். அப்புறம் இப்படி ஒரு செய்தி வரும்.

<என்எஸ்2:துணி எக்ஸ்எஸ்ஐ:டைப்="என்எஸ்2:பின்னல்துணி">

எக்ஸ்எஸ்ஐ:டைப் என்பது அந்த டேக்கின் வகையைச் சொல்லும் அட்ரிபியூட். டேக்கில் இருக்கும் கோணக்குறியையும் சேர்த்துத் தேடி மாற்றும்படி கவனமாக எழுதியிருந்தால், வெளியே துணியின் முன்னொட்டு மாறும், மேற்கோளுக்குள் இருக்கும் என்எஸ்2 மாறாது. அறிவிப்பு இல்லாத முன்னொட்டு உள்ளே நிற்கும், செய்தி உடைந்துவிடும். சரி, எல்லா என்எஸ்2-ஐயும் மாற்றுகிறேன் என்றால், ஸ்டைல் நம்பரிலோ குறிப்பிலோ அதே எழுத்துகள் வரும் நாளில் சரக்கு விவரமே மாறிப் போகும். என்எஸ்2-ஐ மாற்றப் போய் என்எஸ்20-இன் முன்பாதியும் மாறும். ஏற்றுமதி ஆவணத்தில் ஒரு எண் பிசகினால் துறைமுகத்தில் பெட்டி நிற்கும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சு பல வாரம் நடக்கும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கையொப்பமிட்ட செய்தியில் இன்னும் கண்டிப்பு. டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி வைத்து டிஜிட்டல் கையொப்பம் போடும்போது, செய்தியை முதலில் ஒரு நியம வடிவத்துக்கு மாற்றி, அந்த எழுத்துகளின் மேல் கணக்கு போடுகிறார்கள். அந்த நியம வடிவம் டேக்குக்குள் இருக்கும் இடைவெளி, அட்ரிபியூட் வரிசை போன்றவற்றைச் சீராக்கும். முன்னொட்டின் பெயரை மட்டும் இருந்தபடியே வைத்துக்கொள்ளும். 2001-இல் வந்த முறையும் சரி, 2002-இல் வந்த எக்ஸ்க்ளூசிவ் முறையும் சரி, இதில் ஒன்றுதான். ஆக, கையொப்பம் போட்ட பகுதியில் முன்னொட்டை மாற்றினால், பொருள் மாறாவிட்டாலும் கையொப்பம் செல்லாது. முன்னொட்டு வேலை எல்லாம் கையொப்பத்துக்கு முன்னால் முடிய வேண்டும். நடுவில் ஒரு ப்ராக்ஸியோ கேட்வேயோ செய்தியைப் படித்துத் திரும்ப எழுதுகிறது என்றால் அங்கேயும் இதே கதை நடக்கும், அதை முதலில் சந்தேகப்படுங்கள்.

எக்ஸ்க்ளூசிவ் முறை, டேக்கிலும் அட்ரிபியூட்டிலும் கண்ணுக்குத் தெரிகிற முன்னொட்டின் அறிவிப்பை மட்டுமே கணக்கில் எடுக்கும். எக்ஸ்எஸ்ஐ:டைப் மதிப்புக்குள் இருக்கும் முன்னொட்டு அதன் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட முன்னொட்டுகளை இன்க்ளூசிவ்நேம்ஸ்பேசஸ் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

டேலி பற்றி ஒரு சொல். கொங்கு நாட்டில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கணக்கு டேலியில்தான் இருக்கும், அதற்கும் எக்ஸ்எம்எல் அனுப்புவோம். அதன் செய்தியில் யுடிஎஃப் என்ற முன்னொட்டுக்கு டேலியுடிஎஃப் என்று ஒரு அறிவிப்பு வரும். அதற்கு அழகான பெயர் வைக்கலாமே என்று போகாதீர்கள். மாதிரியில் இருக்கிறபடியே அனுப்புங்கள். முன்னொட்டை மாற்றுவது ஒரு தேவைக்காக மட்டும் செய்கிற வேலை.

மாற்றிய பிறகு சரிபார்ப்பது

முன்னொட்டு மாறியது கண்ணுக்கே தெரியும். முன்னொட்டைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்பதைத்தான் உறுதி செய்ய வேண்டும். இதற்குப் பைத்தான் 3.8-இலிருந்து ஒரு அருமையான வசதி இருக்கிறது. எலிமெண்ட்ட்ரீயில் கேனானிகலைஸ் என்ற ஃபங்ஷன். அதில் ரீரைட்ப்ரிஃபிக்சஸ் என்பதை உண்மை என்று வைத்தால், எல்லா முன்னொட்டையும் என்0, என்1 என்று தானே வரிசையாக மாற்றி எழுதும். பழைய செய்தியையும் புதிய செய்தியையும் அப்படி மாற்றி ஒப்பிடுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றானால் மாறியது முன்னொட்டு மட்டுமே. எக்ஸ்எஸ்ஐ:டைப் இருந்தால் அந்த அட்ரிபியூட்டின் பெயரை க்யூநேம்அவேர்ஆட்ர்ஸ் என்பதில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதன் மதிப்பை வெறும் எழுத்தாகவே பார்க்கும். உங்கள் மென்பொருள் ஜாவாவில் இருந்தாலும் இந்தச் சோதனையைத் தனியாகப் பைத்தானில் வைத்துக்கொள்ளலாம், சில வரிகள்தான்.

பிறகு ஒரு டெஸ்ட் எழுதி பில்டில் சேர்த்துவிடுங்கள்: இந்த பையருக்குப் போகும் செய்தியில் என்வலப்பின் முன்னொட்டு இதுதான், சரக்கின் முன்னொட்டு இதுதான். பொதுவாக முன்னொட்டை டெஸ்ட்டில் பார்ப்பது தப்பு. இங்கே அதுவே நாம் கொடுத்த வாக்கு. லைப்ரரி பதிப்பு ஏறும்போது முன்னொட்டு சத்தமில்லாமல் மாறினால் இந்த டெஸ்ட் அன்றைக்கே பிடித்துவிடும். ஏன் இப்படி வைத்தோம், எந்த பையர் கேட்டார் என்பதை அந்த டெஸ்டின் தலையிலேயே தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி எழுதுங்கள். உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி.

நாம் வாங்கும் பக்கம்

டையிங் யூனிட், எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் எடுக்கிறவர்கள், ஈரோட்டிலும் கரூரிலும் இருக்கும் சப்ளையர்கள் என்று நமக்கும் பலர் செய்தி அனுப்புவார்கள். அவர்கள் எந்த முன்னொட்டு வைத்தாலும் நம் சர்வர் ஏற்க வேண்டும். செய்திக்குள் டேக்கைத் தேட நாம் எழுதும் எக்ஸ்பாத்தில் நமக்கென்று ஒரு முன்னொட்டை வைத்து, அதை முகவரியோடு பிணைத்துத் தேடுங்கள். அது செய்தியில் இருக்கும் முன்னொட்டோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. எக்ஸ்பாத் 1.0-இல் முன்னொட்டு இல்லாமல் எடை என்று தேடினால் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத எடையைத்தான் தேடும். டிஃபால்ட் நேம்ஸ்பேஸில் இருப்பது கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று லோக்கல்-நேம் வைத்து, அதாவது முகவரியை விட்டுப் பெயரை மட்டும் பார்த்து, தேடுவது பலர் செய்யும் குறுக்கு வழி. அப்படித் தேடினால் துணியின் எடையும் பெட்டியின் எடையும் சேர்ந்தே வரும், 180 கிலோ பெட்டி என்று லாரிக்கு ஸ்லிப் போகும்.

அவர்களுக்குக் கொடுக்கும் ஆவணத்தில் ஒரே செய்தியை மூன்று விதமாக, நீள முன்னொட்டு, குட்டி முன்னொட்டு, டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் என்று போட்டு, மூன்றும் செல்லும் என்று எழுதுங்கள். நேம்ஸ்பேஸ் முகவரியை மட்டும் தனி வரியில், காப்பி எடுக்கத் தோதாகக் கொடுங்கள்.